டயலொக் பங்கும் எயார்டெல் இணைப்பும்: பணவீக்கக் காலத்தில் நான் பார்த்த கணக்கு

2022 செப்டெம்பரில் இலங்கையில் இரண்டு எண்கள் வந்தன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதே மாதம் 5ஆம் திகதியிலிருந்து தொலைபேசிக் கட்டணத்தை 20 சதவீதம் கூட்டலாம் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதி கொடுத்தது. முதல் எண்ணைப் பற்றி ஊரே பேசியது. என்னிடம் டயலொக் ஆசிஆட்டா என்ற தொலைபேசிக் கம்பனியின் பங்குகள் இருந்ததால் நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். மற்ற எல்லாச் சாமானும் 70 ஏறும்போது, நம் கம்பனி விற்கிற சாமான் 20தான் ஏறலாம். அதற்கும் ஒருவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

நான் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கடையில் கணக்குப் பார்க்கிறவன். எங்கள் முதலாளிக்கு ஆணைக்குழு எதுவும் இல்லை. டொலர் 203 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டி ஓடியபோது, சரக்கு இறங்கிய அன்றைக்கே விலைச்சீட்டை மாற்றினார். விற்பனை குறைந்தது, ஆனால் கடை நின்றது. தொலைத்தொடர்புக் கம்பனிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பணவீக்கக் காலத்தில் இந்தத் துறைப் பங்கு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் எத்தனை, 5ஜி எப்போது என்பதெல்லாம் அப்புறம்.

செலவுப் பக்கம் எப்படி ஏறியது என்று பாருங்கள். 2022 தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். ஜூன் கடைசியில் 460. மார்ச் 31ஆம் திகதி நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் டவர்கள் பற்றரியிலும் ஜெனரேட்டரிலும்தான் ஓட வேண்டும், அதாவது டீசலில். மின்வெட்டு குறைந்ததும் மின்கட்டணம் வந்தது: 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் டொலரில் கட்ட வேண்டும். கடனிலும் ஒரு பகுதி டொலரில்.

வருமானப் பக்கம் கட்டண உயர்வு மட்டும். அந்த 20 சதவீதமும் முழுதாகக் கைக்கு வராது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனைக்கடையில் ரீலோட் போடுகிற ஆட்களைக் கவனித்தாலே அது தெரிந்தது. நூறு ரூபாய்க்குப் போட்டவர் விலை ஏறியதும் நூற்றிருபதுக்குப் போடவில்லை. அதே நூறுதான் போட்டார், டேட்டாவைக் குறைத்துக்கொண்டார். அதே வருடத்தில் வற் (பெறுமதி சேர் வரி) 8இலிருந்து 12க்கும், பிறகு 15க்கும் போனது. தொலைத்தொடர்பு வரி 11.25இலிருந்து 15 ஆனது. வாடிக்கையாளருக்கு இது எல்லாமே ‘ஃபோன் கம்பனி கூட்டியது’தான். ஆனால் வரியாகப் போகிற காசு கம்பனியின் வருமானத்தில் சேர்வதே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் கம்பனிகளுக்குச் சாதகமாக இருந்தது. எண் மாறாமல் கம்பனி மாறுகிற வசதி அப்போது இங்கே இல்லை. டயலொக்கின் 077 எண் வைத்திருப்பவர் விலை பிடிக்கவில்லை என்று ஒரே நாளில் மற்றக் கம்பனிகளின் 071க்கோ 078க்கோ போய்விட மாட்டார். வங்கி, பள்ளிக்கூடம், சொந்தக்காரர் எல்லாரிடமும் இருப்பது பழைய எண்தானே. இன்னொரு சிம் வாங்கி இரண்டையும் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அந்த வருடத்துக் காலாண்டு அறிக்கைகளை எப்படிப் படித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயந்து விற்றவர்கள் பலர் விற்றது இந்த இடத்தில்தான். கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையின் இணையத்தளத்தில் ஒவ்வொரு காலாண்டுக்கும் இலவசமாகக் கிடைக்கிற அறிக்கை அது. 2022இல் டயலொக் நட்டம் காட்டியது. செய்தித் தலைப்பில் அந்த நட்டம் மட்டும்தான் இருந்தது. அறிக்கையைத் திறந்து மேலிருந்து கீழே வந்தால் கதை வேறு. வருமானம் கூடியிருக்கிறது. வட்டிக்கும் வரிக்கும் தேய்மானத்துக்கும் முந்திய லாபம் நெருக்கப்பட்டாலும் லாபமாகவே நிற்கிறது. அதற்குக் கீழே நிதிச் செலவு என்ற வரியில்தான் பள்ளம். அதில் பெரும்பங்கு நாணயமாற்று நட்டம். டொலர்க் கடனைப் புதிய விலையில் ரூபாயாக மாற்றி எழுதியதால் வந்தது. அந்தக் காலாண்டிலேயே கையிலிருந்து போன காசு இல்லை.

இதை வைத்து ‘ஏட்டு நட்டம்தானே’ என்று விட்டுவிடவும் கூடாது. கடன் தவணை வரும் நாளில் அந்த டொலரை உண்மையாகவே வாங்கித்தான் கட்ட வேண்டும். ஆகவே மூன்று இடங்களைப் பார்த்தேன். காசோட்டக் கூற்றில் தொழிலிலிருந்து வந்த காசு, வட்டியையும் டவர் முதலீட்டையும் தாங்குகிறதா? கடனில் எவ்வளவு ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டியது? மூன்றாவது, ஆண்டறிக்கையின் குறிப்புகளில், ரூபாய் இத்தனை சதவீதம் விழுந்தால் லாபம் எவ்வளவு குறையும் என்று கம்பனியே போட்டுக் காட்டும் சிறு அட்டவணை. பலரும் புரட்டாத பக்கம் அது. ரூபாய் விழுவதற்கு முந்திய வருட அறிக்கையில் அதைப் பார்த்திருந்தவருக்கு 2022 நட்டத்தின் பருமன் ஆச்சரியமாக இருந்திருக்காது. 2023இல் ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்ததும் அதே நாணயமாற்றுக் கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்தது, கம்பனி லாபத்துக்குத் திரும்பியது. ‘அபாரத் திருப்பம்’ என்று பாராட்டிய தரகர் குறிப்பு ஒன்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நட்டத்தில் இருந்த காற்று லாபத்திலும் இருந்தது.

ரூபாய்க் கடனுக்கும் தப்பிக்க வழியில்லை. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. நல்ல கம்பனிகளுக்கு வங்கி கொடுக்கிற முதன்மைக் கடன் வீதம் வருட முடிவில் 27 சதவீதத்துக்கும் மேல். வட்டி மாறுகிற கடன் வைத்திருந்த எந்தக் கம்பனிக்கும் வலித்தது.

எனக்கும் ஒரு வட்டிக் கேள்வி இருந்தது. திறைசேரி உண்டியல், அதாவது அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம், அப்போது 30 சதவீதத்தைச் சுற்றித் தந்தது. கொக்குவிலில் இருக்கும் மாமா தொலைபேசியில் கேட்டார்: “உனக்கென்ன விசரே? காசைக் கொண்டுபோய் நிலையான வைப்பில போடு. இருபத்தஞ்சு தாறாங்கள். பங்கு உனக்கு என்ன தருது?”

“பணவீக்கம் எழுபது மாமா. இருபத்தஞ்சு தந்தாலும் நட்டம்தானே?”

“எழுபது போன வருசத்துக் கணக்கடா. வாற வருசம் சாமான் இன்னும் எழுபது ஏறுமெண்டு ஆர் சொன்னது?”

மனிசன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 69.8 என்பது கடந்த பன்னிரண்டு மாதங்களில் விலை ஏறிய அளவு. உண்டியல் வட்டி வரப்போகிற பன்னிரண்டு மாதங்களுக்கு. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. உச்சத்தில் உண்டியல் வாங்கியவருக்கு அது கொழுத்த லாபம். அந்த ஒரு வருடத்தில் என் டயலொக் பங்கு பெரிதாக அசையவே இல்லை.

நான் பாதிக்கு மேல் காசை உண்டியலில்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு உண்டியல் முதிரும்போதும் வட்டியை மட்டும் எடுத்துப் பங்கு வாங்கினேன், முதலைத் திரும்ப உண்டியலிலேயே போட்டேன். பங்கு விழுந்தாலும் முதல் போகாது, மீண்டால் அதில் எனக்கும் ஓர் இடம் இருக்கும் என்ற கணக்கு. உயர்பணவீக்கத்தில் பங்கா வைப்பா என்று கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வட்டி உச்சத்தில் இருக்கும்போது வைப்பும், அது இறங்கத் தொடங்கும்போது பங்கும் என்று காலம் பார்த்து மாறுகிற விஷயம் இது. எந்த மாதம் என்பதை யாரும் சரியாகப் பிடிக்க முடியாது என்பதால்தான் வட்டியைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன்.

இதற்கு நடுவில்தான், 2023 மே மாதம், இணைப்புச் செய்தி வந்தது. டயலொக்கின் தாய்க் கம்பனியான மலேசியாவின் ஆசிஆட்டா, இந்தியாவின் பார்தி எயார்டெல், டயலொக் மூன்றும் சேர்ந்து, எயார்டெல் லங்காவை டயலொக்குடன் இணைக்க உடன்பட்டிருப்பதாக அறிவித்தன. எயார்டெல் இங்கே வந்தது 2009 ஜனவரியில், ஐந்தாவது கம்பனியாக. வந்த வேகத்தில் நடந்த கட்டணப் போர் பழைய பங்குதாரர்களுக்கு மறக்காது. 2008இலேயே நட்டத்தில் இருந்த டயலொக், 2009இலும் நட்டம். கடைசியில் ஆணைக்குழுவே கட்டணத்துக்கு ஓர் அடிவிலை போட்டுச் சண்டையை நிறுத்த வேண்டி வந்தது. 2018இல் எட்டிசலாட்டை ஹட்ச் எடுத்ததும் ஐந்து நான்கானது. இது நடந்தால் மூன்று.

தரகர் அலுவலகத்திலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கேள்விதான்: அனுமதி கிடைக்குமா, கிடைக்காதா? நான் தேடிப் பார்த்தபோது தெரிந்தது, இலங்கையில் பொதுவான ஒன்றிணைப்புக் கட்டுப்பாட்டுச் சட்டமே இல்லை என்பது. 1987ஆம் ஆண்டு நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் அது இருந்தது. அதன் இடத்தில் 2003இல் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அந்தப் பகுதி விடுபட்டுவிட்டது. எனவே தொலைபேசிக் கம்பனிகள் இணைவதை ஆராய்வது துறைக்குரிய தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவே. வேறு நாடுகளில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று நாள் குறித்து நடக்கும் ஆய்வு மாதிரி இங்கே எதிர்பார்த்து நாட்காட்டி பார்ப்பதில் பயனில்லை.

இதில் முதலீட்டாளர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. இணைப்பை அனுமதிக்கிற கையும் கட்டண உயர்வை அனுமதிக்கிற கையும் ஒன்றே. அலைக்கற்றையைக் கொடுப்பதும் அதே கைதான். கம்பனிகள் மூன்றாகக் குறைந்தால் விலையைக் கூட்டலாம், லாபம் பெருகும் என்று குழுக்களில் கணக்குப் போட்டார்கள். விலை ஏற்கனவே அனுமதிக்கு உட்பட்டதாக இருக்கிற நாட்டில் அந்தக் கணக்குப் பாதிதான் சரி. நான் எதிர்பார்த்த நன்மை செலவுப் பக்கம்: ஒரே ஊரில் இரண்டு டவர், இரண்டு ஜெனரேட்டர், இரண்டு வாடகை என்பது ஒன்றாகும். டீசல் 460க்குப் போய் வந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை. நான் பயந்ததோ, அனுமதி மறுக்கப்படுவதைவிட நிபந்தனைகளை. அலைக்கற்றையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடு, இத்தனை வருடம் விலை ஏற்றாதே என்ற மாதிரி ஏதும் வந்தால், ‘அனுமதி கிடைத்தது’ என்ற தலைப்பு வந்த பிறகும் லாபம் வராது.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது, அதைக் கேட்டவர்கள் குறைவு. எயார்டெல்லுக்கு டயலொக் எவ்வளவு கொடுக்கும்? காசு கொடுப்பதில்லை, நியாயமான பெறுமதிக்குப் பங்கு கொடுப்பது என்று மட்டும் முதல் அறிவிப்பு சொன்னது. எத்தனை பங்கு என்பது 2024 ஏப்ரல் 18ஆம் திகதி இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதுதான் தெரிந்தது: இணைப்புக்குப் பிறகான மொத்தப் பங்குகளில் 10.355 சதவீதம். ஏறக்குறைய ஒரு வருடம் பங்குச் சந்தையானது, விலை தெரியாத ஒரு கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த எண் வந்த அன்று நான் போட்ட கணக்கு இது. இணைப்புக்குப் பின் 100 பங்கு என்றால் அதில் 10.355 பார்திக்கு, மிச்சம் 89.645 நம்முடையது. அதாவது பழைய 100 பங்குக்கு ஏறக்குறைய 11.55 புதுப் பங்கு அச்சடிக்கப்படுகிறது. பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் தவறவிடுவார்கள். ஒரு பங்குக்கான லாபம் குறையாமல் இருக்க வேண்டுமானால், எயார்டெல் வருகையால் டயலொக்கின் மொத்த லாபம் அந்தப் பதினொன்றரை சதவீதமாவது கூட வேண்டும். பல வருடம் நட்டத்தில் ஓடிய ஒரு கம்பனி வந்த மறுநாளே அதைத் தராது. செலவு குறைப்பு நடந்து, அலைக்கற்றை பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் தரும். ஆகவே இரண்டு வருடமாவது காத்திருக்கத் தயாரில்லாதவர் இணைப்புக்காக இந்தப் பங்கை வாங்குவதில் அர்த்தமில்லை என்று முடிவுசெய்தேன். ஏற்கனவே வைத்திருந்ததை வைத்துக்கொண்டேன். செய்திக்காகக் கூட்டவில்லை.

பங்கு மாற்று என்பது அந்தக் காலத்து நிலைமைக்கு நல்ல ஏற்பாடு என்றே இன்றும் நினைக்கிறேன். டொலருக்கு நாடே அலைந்து முடித்த நேரம். காசு கொடுத்து வாங்கியிருந்தால் டயலொக் புதுக் கடன் வாங்கியிருக்க வேண்டும், அல்லது நம்மிடம் உரிமைப் பங்கு வழங்கிக் காசு கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. பார்தியும் டொலரை வெளியே எடுத்துக்கொண்டு போகவில்லை, பங்குதாரராக உள்ளேயே இருந்துவிட்டது. வேறு கம்பனி எதிலாவது இணைப்புச் செய்தி வந்தால் நான் இப்போது முதலில் தேடுவது இதைத்தான்: காசா, கடனா, பங்கா?

பங்குதாரர் அங்கீகாரம் என்ற படியும் இருந்தது. வாக்குச் சீட்டு கைக்கு வரும்போது பெரிய மனிதனாகி விட்டதுபோல ஒரு நினைப்பு வரும். 80 சதவீதத்துக்கு மேல் ஆசிஆட்டா கையில் இருந்த கம்பனி இது. நம் வாக்கு மரியாதைக்கு. ஆனாலும் இந்த மாதிரி நேரத்தில் வரும் சுற்றறிக்கையைக் குப்பையில் போடக் கூடாது. பெறுமதி எப்படி மதிக்கப்பட்டது என்பதைச் சிறு பங்குதாரர் பார்க்கக்கூடிய நல்ல இடம் அதுதான். 2024 ஜூன் 26ஆம் திகதி இணைப்பு நிறைவேறியது. முதல் அறிவிப்பிலிருந்து ஏறக்குறைய பதினான்கு மாதம்.

அந்தப் பதினான்கு மாதத்தில் வதந்திக்கு வாங்கி வதந்திக்கு விற்றவர்களைப் பற்றியும் ஒரு சொல். கொழும்புச் சந்தையில் சிறிய கொள்வனவுக்குத் தரகு, கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம். வாங்கி விற்றால் 2.24. ஒன்பது ரூபாய்ப் பங்கில் அது 20 சதம். விலை அசைவதோ பத்துப் பத்துச் சதமாக. அதாவது இரண்டு படி ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். மூன்றாவது படியில்தான் லாபம். 2024 தொடக்கத்தில் ஸ்ரீலங்கா டெலிகொமின் அரச பங்கை வாங்க ஜியோ விருப்பம் தெரிவித்திருக்கிறது என்ற செய்தி வந்தபோது, தொலைத்தொடர்புப் பங்குகள் எல்லாவற்றைப் பற்றியும் ஆளாளுக்கு ஒரு கதை. அந்த விற்பனை பிறகு நடக்கவே இல்லை. அந்தக் கதைகளை வைத்து வாங்கி விற்றவர்களில் தரகருக்கு லாபம் கொடுத்தவர்களே அதிகம்.

2025இல் டயலொக் விலை நன்றாக ஏறியது. இணைப்புத்தான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உண்டியல் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, ரூபாய் 300ஐச் சுற்றி நின்றது, நிதிச் செலவு சுருங்கியது, வைப்பிலிருந்து வெளியேறிய காசு சந்தைக்கு வந்தது. ஏற்றத்தின் பெரும்பங்கு இந்த நான்குக்கும் உரியது என்பது என் கணிப்பு. இணைப்பின் பங்கைத் தனியே பிரித்து அறிய ஒரு வழி உண்டு: வருமான வளர்ச்சியை விடுங்கள், வலையமைப்புச் செலவு வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று காலாண்டுக்குக் காலாண்டு எழுதி வாருங்கள். டவர்களை ஒன்றாக்கியதன் பலன் வந்தால் அங்கேதான் தெரியும். நான் ஒரு பழைய கணக்குக் கொப்பியில் எழுதிவருகிறேன்.

ஏற்றத்தில் கொஞ்சம் விற்று, போட்ட முதலை வெளியே எடுத்துவிட்டேன். மிச்சத்துக்குப் பங்கிலாபம் வருகிறது, 15 சதவீத வரி கழித்து. பார்தியின் 10 சதவீதம் இப்போது சந்தையின் மேல் தொங்குகிற ஒரு கட்டி. அவர்கள் அதை வைத்திருப்பார்களா, ஒரு நாள் மொத்தமாக விற்பார்களா என்பதைப் பொறுத்து விலை ஆடும். பெரிய பங்குதாரர் பட்டியல் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் வரும், நான் முதலில் திறப்பது அந்தப் பக்கம். மாமாவும் இப்போது பங்கு வாங்கி வைக்கிற சிடிஎஸ் கணக்குத் திறந்திருக்கிறார். எதை வாங்கலாம் என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை. மூன்று கம்பனிகளின் நிதிச் செலவுக் குறிப்பை அச்சடித்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து எடுத்தார்: “முதலாவது கம்பனிக்காரன் டொலர்க் கடனை எங்கையடா ஒளிச்சு வச்சிருக்கிறான்?”